ஹெச்எம்டி ஜனதா கைக்கடிகாரத்தை வீட்டில் சுத்தம் செய்வது எப்படி?

கேள்வி

வணக்கம். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டியிருந்த, சாவி கொடுத்து ஓடும் ஹெச்எம்டி ஜனதா கடிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. கண்ணாடி முழுவதும் மெல்லிய கீறல்கள். பட்டை கோத்திருக்கும் இடுக்குகளில் வியர்வையும் தூசியும் சேர்ந்து கறுப்பாக இறுகிவிட்டன. சோப்புத் தண்ணீரில் கழுவலாமா? கீறலுக்குப் பற்பசை தடவலாம் என்கிறார்களே, அது சரிதானா?

பதில் 1

தயவுசெய்து தண்ணீரில் நனைக்காதீர்கள். ஜனதா நீர் புகாத கடிகாரம் அன்று. சாவித்தண்டு நுழையும் துளை வழியாக ஒரு துளி போனாலும் உள்ளேயிருக்கும் எஃகுப் பாகங்கள் துருப்பிடிக்கும். முதலில் பட்டையைக் கழற்றிவிட்டு, சாவி உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இறுகிய அழுக்கைப் பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி வேண்டாம், கோடு விழும். பிறகு நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள்.

பதில் 2

பற்பசை இதற்குப் பொருந்தும். ஏனென்றால் இந்தக் கடிகாரத்தின் கண்ணாடி உண்மையில் அக்ரிலிக் பிளாஸ்டிக். சுற்றியுள்ள உலோகத்தின்மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை மிளகளவு எடுத்து, பருத்தித் துணியால் சில நிமிடங்கள் வட்டமாகத் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் மறையும். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் போகாது; அதற்குக் கண்ணாடியை மாற்றுவதே வழி. ஸ்பிரிட், சானிடைசர் போன்றவற்றைக் கண்ணாடியில் படவே விடாதீர்கள், அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கண்ணாடி தெளிந்து, டயலில் உள்ள தேவநாகரி எழுத்துகள் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் அழுக்கை எடுத்த இடத்தில், பின்மூடியை ஒட்டிப் பச்சை நிறப் படிவு ஒன்று தெரிகிறது. அதோடு கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது.

பதில் 1

பச்சைப் படிவு, முலாம் தேய்ந்து வெளிப்பட்ட பித்தளையில் வியர்வை பட்டதால் வந்த களிம்பு. சுரண்டினால் மீதி முலாமும் உரியும். வேகமாக ஓடுவதற்குக் காந்தம் காரணமாக இருக்கலாம்; ஒலிபெருக்கி அருகில் வைத்திருந்தால், கடிகாரத்தின் வேகத்தை ஒழுங்குபடுத்தும், தலைமயிரை விட மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுருள்வில்லில் எண்ணெய் பட்டிருந்தாலும் இப்படி ஆகும். பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம். சாவிக் கடிகாரம் பார்க்கப் பழகிய கைவினைஞரிடம் கொடுத்து, காந்தத்தை நீக்கி, பிரித்துக் கழுவி எண்ணெயிடச் சொல்லுங்கள். பச்சைப் படிவையும் அவரிடமே காட்டுங்கள். அதுவரை சாவி கொடுக்காமல் வைத்திருப்பது நல்லது.