சிபிஎஸ்ல (தமிழ்நாடு அரசோட பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) இருக்கறவங்களுக்கு பழைய பென்ஷன் ஏன் தர முடியல? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஏற்காடு டீச்சர்:
வணக்கம்ங்க. நான் 2006ல வேலைக்கு வந்தேன், மலையில ஒரு தொடக்கப் பள்ளி. 1.4.2003க்கு அப்புறம் சேர்ந்ததால சிபிஎஸ், மாசம் அடிப்படைச் சம்பளத்துலயும் டிஏலயும் (அகவிலைப்படி) 10% புடிக்கறாங்க. எங்க ஹெச்எம் 2002ல சேர்ந்தவங்க, அவங்களுக்கு ரிட்டயர் ஆனா மாசாமாசம் பென்ஷன். ஆனா சிபிஎஸ்ல இருந்த அக்கா ஒருத்தங்களுக்கு ரிட்டயர் ஆனப்ப மொத்தமா ஒரு தொகை குடுத்தாங்க, அதோட சரி. 2026 ஜனவரியில கடைசி சம்பளத்துல 50% பென்ஷன் உறுதின்னு டேப்ஸ்ங்கற (தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்) புதுத் திட்டத்தை அறிவிச்சாங்க, ஆனா அந்த 10% பிடித்தம் அப்படியே இருக்கும்னு சொல்றாங்க. அரசுகிட்ட உண்மையிலேயே காசு இல்லையா?

கருவூலத்துல இருந்தவன், அஸ்தம்பட்டி:
டீச்சர், பழைய பென்ஷனுக்குன்னு தனியா நிதியே கிடையாதுங்க. பழைய பென்ஷன்காரங்களுக்கு ஜிபிஎஃப்ல (பொது வருங்கால வைப்பு நிதி) புடிக்கறது அவங்க சொந்த காசு, அதை அவங்களுக்கே திருப்பிக் குடுத்துருவாங்க. பென்ஷன் மட்டும் அந்தந்த வருஷ வரிப்பணத்துல இருந்து போவுது. 60ல ரிட்டயர் ஆகி 85 வரைக்கும் இருக்கறாங்க, டிஏ ஏற ஏற பென்ஷனும் ஏறும், அவங்களுக்கு அப்புறம் குடும்ப பென்ஷன். டேப்ஸுக்கே முதல்ல 13,000 கோடி, அப்புறம் வருஷத்துக்கு சுமார் 11,000 கோடி அரசு போடணும்னு அறிவிப்புலயே இருக்கு.

ஆனா சிபிஎஸ்காரங்களுக்கு நடந்தது அநியாயம்ங்க, அதைச் சொல்லியே ஆவணும். மத்திய அரசோட என்பிஎஸ்ல (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பணம், பிஎஃப்ஆர்டிஏங்கற பென்ஷன் ஒழுங்குமுறை ஆணையத்தோட கண்காணிப்புல இருக்கற ஃபண்டுக்குப் போவும், ரிட்டயர் ஆகும்போது ஒரு பங்குக்கு ஆனுட்டி (மொத்தமாக் கட்டி மாசாமாசம் வாங்கற திட்டம்) வாங்கி மாசம் ஏதோ வரும். நம்ம மாநிலம் அங்கயும் அனுப்பல, தானே மாசப் பென்ஷனும் குடுக்கல, இருபது வருஷத்துக்கு மேல இப்படியே ஓட்டிட்டாங்க. ராஜஸ்தான், ஹிமாச்சல் எல்லாம் பழசுக்குத் திரும்பறோம்னு சொன்னப்ப பிஎஃப்ஆர்டிஏகிட்ட போன பணத்தை வாங்க முடியல. நமக்கு அந்தச் சிக்கலே இல்ல, பணம் இங்கதான் இருக்கு.

கொலுசுப் பட்டறை, செவ்வாப்பேட்டை:
நீங்க கேக்கறது தப்புன்னு சொல்லலைங்க டீச்சர். ஆனா எங்க பட்டறையில கண்ணு போற வரைக்கும் கொலுசுக்குப் பொடி வெச்சு ஊதிப் பத்த வெச்சவங்களுக்கு எந்த பென்ஷனும் இல்ல. எங்கம்மாவுக்கு முதியோர் பென்ஷன் மாசம் 1200 ரூபா, அது 2023ல ஏத்தினது, அதுல மாத்திரைக்கே பாதி போயிருது. நாங்களும் சோப்பு வாங்கறதுல இருந்து பைக்குக்கு பெட்ரோல் போடற வரைக்கும் வரி கட்டிட்டுதான இருக்கோம், அந்த வரியில முழுசா ஒருத்தருக்கு பாதிச் சம்பளம், இன்னொருத்தருக்கு 1200ன்னா எப்படிங்க மனசு ஆறும்?

ஏற்காடு டீச்சர்:
அண்ணா நீங்க சொல்றது நியாயம். எங்க பசங்களோட அப்பா அம்மா பாதிப் பேர் காபி எஸ்டேட்டுதான், பிஎஃப் பென்ஷன்ல குறைஞ்சபட்சம் 1000 ரூபான்னு 2014ல வெச்சது, இன்னும் அதேதான். நான் 10% கட்டத் தயார், மாசம் பென்ஷன் உறுதியா வந்தா போதும். ஆனா 1200க்கும் 1000க்கும் சேத்து எங்க சங்கத்துக்காரங்களும் குரல் குடுக்கணும், அடுத்த கூட்டத்துல இதை நான் பேசறேன்.

கருவூலத்துல இருந்தவன், அஸ்தம்பட்டி:
பேசுங்க டீச்சர். அதுக்கு முன்னாடி உங்க சிபிஎஸ் அக்கவுண்ட் ஸ்லிப்பை வருஷ வாரியா எடுத்துப் பாருங்க, டிரான்ஸ்ஃபர் ஆன மாசங்கள்ல பிடித்தம் கணக்குல ஏறாம விட்டுப் போயிருக்கலாம். சர்வீஸ்ல இருக்கும்போதே சம்பளப் பட்டியலை வெச்சு எழுதிக் குடுத்துச் சரி பண்ணிருங்க, ரிட்டயர் ஆனப்புறம் அலையறது ரொம்பக் கஷ்டம்.