நடுக்கடலில் ஓடிபி

காசிமேடு, செவிலியர்:
எனக்கு வயது 51. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. கர்ப்பிணிகளைப் பதிய பிக்மி, ஆளுக்கொரு சுகாதாரக் கணக்கு எண்ணுக்கு ஆபா, தடுப்பூசிக்கு யூவின் என்று போனில் பதிய வேண்டியவை ஒவ்வொன்றாக வந்தபோது ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏசி ஹாலில் அறுபது பேர், திரையில் அம்புக்குறி ஓடியது. புரிந்ததா என்றார்கள், புரிந்தது என்றோம். வடை நன்றாக இருந்தது.

மறுநாள் பதிவுக்குப் போன முதல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். ஆறு மாதக் கர்ப்பிணி. 14 இலக்க ஆபா எண் எடுக்க, ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வரும். அவள் ஆதாரில் இருப்பது வீட்டுக்காரர் நம்பர். அவரோ விசைப்படகில் போய் நாலு நாள் ஆகிறது. “சிஸ்டர், ஓடிபி நடுக்கடல்ல நிக்குது” என்று மாமியார் சிரிக்கிறார். அன்றைக்கு ஒரு பதிவுகூட ஏறவில்லை.

உண்மையில் எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் டேட்டா என்ட்ரி தம்பி. மதியம் கூட்டம் வடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்வான். போனைத் தொடவே மாட்டான். “நீங்களே அமுக்குங்கக்கா, தப்பானா பாத்துக்கலாம்” என்பான். மூன்று வாரத்தில் கை பழகிவிட்டது.

பெயர்க் கட்டம்தான் பெரிய ரோதனை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? ஒருத்தி இனிஷியலை முன்னால் போடுவாள், இன்னொருத்தி பின்னால். மகாலட்சுமிக்கு நடுவில் ‘எச்’சா, ‘ஜி’யா? “காதால கேட்டு அடிக்காதீங்க, ஆதாரைப் பாத்து எழுத்து எழுத்தா அடிங்க” என்று தம்பி சொன்னதை ஹாலில் யாரும் சொல்லவில்லை. அம்மா வீட்டுப் பக்கம் ஒன்று, மாமியார் வீட்டுப் பக்கம் ஒன்று என ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவு விழுந்தால், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அலைச்சல்தான்.

கடலுக்கும் வழி கிடைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆணும் வீட்டில், போனும் வீட்டில். விட்டுப்போன ஆபாவையெல்லாம் அப்போது முடித்துவிடுவேன்.

வியாசர்பாடி, காசநோய்ப் பிரிவு:
எங்கள் கூத்து வேறு. காசநோயாளிகளைப் பதியும் அரசுத் தளமான நிக்‌ஷய்யில் வங்கிக் கணக்கு ஏற்றினால்தான் நோயாளிக்கு ஊட்டச்சத்துப் பணம் போகும். 2018-இல் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. ஒரு முறை ஒரே ஓர் எண்ணை மாற்றி அடித்துவிட்டேன். பெயின்டர் ஒருவர் இரண்டு மாதம் பாஸ்புக்கோடு வந்து வந்து நின்றார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் திரையில் இருக்கும் எண்ணை நான் சத்தமாகப் படிப்பேன், அவர்கள் பாஸ்புக்கில் விரல் வைத்துச் சரிபார்ப்பார்கள்.

கொருக்குப்பேட்டை, செவிலியர்:
ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நாமே போய் “ஓடிபி சொல்லும்மா” என்றால்? ஒரு பாட்டி கதவைச் சாத்திவிட்டார். பாட்டி செய்தது சரி. அதற்கப்புறம் நான் கேட்பதே இல்லை. எதற்கு என்று சொல்லிவிட்டு, திரையைத் திருப்பி அவர்களையே அடிக்கச் சொல்கிறேன். எழுத்துத் தெரியாத வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பேத்தி அடிப்பாள்.

காசிமேடு, செவிலியர்:
பேத்தி யோசனை நல்ல யோசனை. ஆனால் பள்ளி விட்டு அவள் வரும் நேரத்தில் என் போனில் சார்ஜ் 6 சதவீதம் இருக்கும். போன வாரம் பவர் பேங்க் வாங்கிவிட்டேன், சொந்தக் காசில்.