புதிதாகத் தொடங்குபவருக்கு கிட்தான் வேண்டுமா?

கடைசிபெஞ்ச்: தனியாக ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதுகிறேன். 'இறுதி', 'இறுதி2', 'உண்மையான இறுதி' என்று நகல்கள் குவிந்துவிட்டன. பழைய பதிப்புகளைப் பத்திரமாக வைக்க எல்லோரும் கிட் என்கிறார்கள். இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது. வேறு ஏதாவது எடுக்கலாமா?

பாதரசம்: மெர்க்யூரியல் எடுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுபவர்களுக்கு, பதிப்புகளை வைக்க உதவிய பிட்கீப்பர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்காமல் போனதால், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டையும் மேட் மேக்கால் மெர்க்யூரியலையும் எழுதத் தொடங்கினார்கள். வயது ஒன்றுதான், குணம் வேறு. கிட்டில் ஒவ்வொரு முறையும் முதலில் 'ஆட்' (எந்த மாற்றம் போக வேண்டும் என்று குறிப்பது), அப்புறம் 'கமிட்' (குறித்ததைப் பதிப்பாகச் சேமிப்பது). ஆட் செய்தபின் மறுபடி திருத்தினால் அந்தத் திருத்தம் கமிட்டில் சேராது. புதியவர் தடுக்கி விழுவது அங்கேதான். மெர்க்யூரியலில் கோப்பை ஒருமுறை சேர்த்தால் போதும்; பிறகு கமிட் என்றால் மாற்றியதெல்லாம் போகும்.

ராத்திரிப்பறவை: பைத்தானின் மூலநிரலே 2017இல் மெர்க்யூரியலை விட்டு, கிட் நிரல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு வந்துவிட்டது. அதேபோன்ற இன்னொரு தளமான பிட்பக்கெட் 2020இல் மெர்க்யூரியலைக் கைவிட்டது. ஆள் காலி செய்த தெருவில் வீடு பார்க்கச் சொல்கிறீர்களே அண்ணா!

பாதரசம்: தம்பி, அவர் கேட்டது தனியாக எழுதும் நிரலுக்கு. அவர் கணினியில் வைத்துக்கொள்ள பிட்பக்கெட் எதற்கு?

ராத்திரிப்பறவை: சரி, மாட்டிக்கொண்டால் யாரிடம் கேட்பார்? நாளைக்கு இன்னொருவர் சேர்ந்தால் அவருக்கும் மெர்க்யூரியல் பாடம் எடுப்பாரா? அந்த 'ஆட்' தொல்லை என்றால் கமிட்டோடு '-ஏ' (-a) போடட்டும், ஏற்கெனவே சேர்த்த கோப்புகளில் மாற்றியதெல்லாம் போய்விடும். எனக்கு அந்த 'ஆட்' படி பிடிக்கும். இரண்டு வேலையைக் கலந்து செய்துவிட்டாலும் பிரித்து இரண்டு கமிட்டாகப் போடலாம்.

பாதரசம்: மெர்க்யூரியலிலும் 'கமிட் -ஐ' (-i) போட்டுப் பிரிக்கலாம். வேண்டும்போது மட்டும்.

பழைய சர்வர்: படக்கோப்புகள் நிறைய இருந்தால் சப்வெர்ஷன் என்ற இன்னொரு கருவியையும் பாருங்கள். ஒருவர் ஒரு கோப்பைப் பூட்டிவிட்டால் அந்தப் பூட்டு நீங்கும்வரை மற்றவர் அதில் கமிட் செய்ய முடியாது. வெறும் பைத்தானுக்கு அது தேவையில்லை.

ராத்திரிப்பறவை: ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கிட்டின் கமாண்டுகளுக்குப் பெயர் வைத்த விதம் மோசம். 'செக்அவுட்' என்றால் பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) மாறும். அதோடு கோப்பின் பெயர் கொடுத்தால் கமிட் செய்யாத திருத்தத்தைக் கேட்காமலே அழித்துவிடும். 2019இல் வந்த 2.23 பதிப்பில்தான் இதை 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என்று பிரித்தார்கள்.

கடைசிபெஞ்ச்: அடக்கடவுளே, நேற்று ஒரு மணி நேர வேலை போனது அப்படித்தானா! ஒரு காணொளியைப் பார்த்து செக்அவுட் போட்டேன்.

பாதரசம்: பார்த்தீர்களா தம்பி?

ராத்திரிப்பறவை: அது காணொளியின் தப்பு அண்ணா.

பாதரசம்: கத்தியைக் கைப்பிடி இல்லாமல் விற்றுவிட்டு, பிடித்தவன் தப்பு என்கிறீர்கள்.

கடைசிபெஞ்ச்: இருவருக்கும் நன்றி. அடுத்த மாதம் நண்பன் ஒருவனும் சேர்கிறான், அவனுக்கு கிட் மட்டும்தான் தெரியும். அதனால் கிட்டே இருக்கட்டும். ஸ்விட்ச், ரெஸ்டோர் இரண்டை மட்டும் தொடுகிறேன். பாதரசம் அண்ணா கோபிக்க வேண்டாம்.

பாதரசம்: கோபமில்லை. எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதலில் அது எந்த வருடத்துப் பாடம் என்று பாருங்கள். 2019க்கு முந்தையதென்றால் மூடிவிடுங்கள்.