மறு: ‘நாக்கிங்’குக்கு ஒரு சொல் போதுமா? (எரிதட்டல், முந்தல், பிந்தல்)

அனைவருக்கும் வணக்கம். எஞ்சினுக்குள் கலவை தாறுமாறாக எரிவதால் வரும் சத்தமான ‘நாக்கிங்’குக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் எழுதியது:

> நாக்கிங் = இடிப்பு என்று வைத்து முடித்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் அந்த எளிமையால் எனக்கு ஒரு எஞ்சின் பிரிப்புச் செலவு வரப் பார்த்தது. என் பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350 பைக்குக்கு சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து), புது பிஸ்டன் போட்டு, கிராங்க் வேலையும் பார்த்து எடுத்து வந்தேன். ஓட்டினால் சத்தம். ஒருவர் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்றார், ஒருவர் பிஸ்டன் லூஸ் என்றார், இன்னொருவர் நாக்கிங் என்றார். மூன்று பேரும் சொன்ன வாக்கியம் மட்டும் ஒன்றே: “எஞ்சின் இடிக்குது.”

டேப்பட் சத்தம் வண்டி சும்மா நிற்கும்போதும் டிக் டிக் என்று சீராக வரும். புது பிஸ்டன் சுவரில் மோதும் சத்தம் மந்தமாக, காலையில் முதல் கிக்கில் கேட்கும். பிஸ்டன் சூடாகி விரிந்ததும் குறையும். எனக்கு வந்தது இரண்டும் இல்லை. கொல்லிமலை ஏற்றத்தில், அந்த எழுபது கொண்டை ஊசிகளில் பாதிகூடத் தாண்டவில்லை, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவது மாதிரி கலகலவென்று சத்தம். கையைத் தளர்த்தினால் உடனே நின்றுவிடும். கீழே வந்து நிறுத்தி மறுபடி கிளப்பப் போனால் கிக்கர் திருப்பி அடித்து முழங்காலுக்குக் கீழே வீங்கிவிட்டது. சத்தமும் உதையும் சேர்ந்து வந்தால் முதலில் டைமிங்கைத்தான், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தைத்தான், பார்க்க வேண்டும்.

பார்த்தேன். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் (பிரியும்போது தீப்பொறியை விழவைக்கும் மின்தொடுமுனை) பிரிய வேண்டும். இக்னிஷனைப் போட்டுவிட்டு ஹெட்லைட் மேலே இருக்கிற ஆம்மீட்டரைப் பார்த்தால் போதும், பாயிண்ட் சேர்ந்திருக்கையில் முள் கழித்தல் பக்கம் சாயும், பிரிந்த நொடியில் நடுவுக்கு வரும். என் வண்டியில் அது ரொம்ப முன்னாலேயே நடுவுக்கு வந்துவிட்டது. மெக்கானிக் டைமிங்கைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார், ஆனால் அதற்கு அப்புறம் பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து இடைவெளியைக் கூட்டியிருக்கிறார். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் பிரியும், பொறியும் சீக்கிரம் விழும். முதலில் இடைவெளி (0.35 முதல் 0.40 மி.மீ.), அப்புறம்தான் டைமிங், வரிசை மாறினால் இப்படித்தான். இரண்டையும் திரும்ப வைத்தேன், சத்தம் போய்விட்டது. எஞ்சினைப் பிரிக்கவே இல்லை.

அதனால் என் முன்மொழிவு: நாக்கிங் என்பதற்கு எரிதட்டல். உலோகம் உலோகத்தில் மோதுவதெல்லாம் வெறும் தட்டல், எது தட்டுகிறதோ அதன் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: டேப்பட் தட்டல், பிஸ்டன் தட்டல். அட்வான்ஸ் (பொறி சீக்கிரம் விழுவது) முந்தல், ரிட்டார்டு (தாமதமாக விழுவது) பிந்தல்.

---

> நாக்கிங் = எரிதட்டல்

ஐயா, வணக்கம். சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் இலங்கைப் பாடநூல்களில் எரிதலுக்குத் தகனம் என்றுதான் படித்தோம், அகத்தகன எஞ்சின் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தகனத்தட்டல் என்றால் என்ன குறை? இன்னொன்று, முன்பு ஒருவர் பிஸ்டனுக்கு உந்துருளி என்று எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். இங்கே உந்துருளி என்றால் மோட்டார் சைக்கிள். “உந்துருளியின் உள்ளே உந்துருளி” என்று நான் மொழிபெயர்க்க முடியாது.

இக்னிஷன் டைமிங்குக்குப் பொறிநேரம், ப்ரீ-இக்னிஷனுக்கு முன்பற்றல் என்று வைக்கலாமா?

---

தம்பி, தகனம் என்றதும் தமிழ்நாட்டில் மின்மயான வாசல்தான் கண்ணுக்கு வரும். தகனத்தட்டல் என்று பில்லில் எழுதினால் வண்டிக்காரர் பயந்துவிடுவார். எரி இரண்டு கரையிலும் பொது, அதையே வைப்போம். உந்துருளியை விட்டுவிடுகிறேன், பிஸ்டன் பிஸ்டனாகவே இருக்கட்டும்.

பொறிநேரத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. பொறி என்றால் தீப்பொறி, எந்திரம், எலிப்பொறி, ஐம்பொறி எல்லாம்தான். பொறியியல் படித்த பையன் அதை எஞ்சின் ஓடிய நேரம் என்று படிப்பான். நீளமானாலும் தீப்பொறி வேளை தெளிவு.

முன்பற்றல் இன்னும் சிக்கல். முந்தலும் முன்பற்றலும் பக்கத்தில் நின்றால் இரண்டும் ஒன்று என்றே யாரும் நினைப்பார்கள், ஆனால் நடப்பது வேறு. முந்தலில் பொறிதான் பற்றவைக்கிறது, சீக்கிரமாக. எரிதட்டலிலும் பொறி விழுந்த பிறகே கோளாறு: சுடர் பரவிக்கொண்டிருக்கையில், அது இன்னும் எட்டாத மூலையில் மிச்சம் இருக்கிற கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே ஒரேயடியாக எரிந்துவிடுகிறது, அந்த அதிர்வுதான் கலகல. ப்ரீ-இக்னிஷனிலோ பொறிக்கு வேலையே இல்லை, கனன்றுகொண்டிருக்கும் கரித்துணுக்கோ அளவுக்கு மீறிச் சூடான பிளக் முனையோ பொறிக்கு முன்பே பற்றவைத்துவிடும். அங்கே டைமிங்கைத் திருகி மட்டும் பயனில்லை, கரியைச் சுரண்ட வேண்டும், பிளக்கை மாற்ற வேண்டும். ஆகவே காரணத்தையே பெயராக்கி கனல்பற்றல் என்கிறேன்.

---

கனல்பற்றலுக்கு என் ஓட்டு. எரிதட்டலும் சரி. முந்தல், பிந்தல் மட்டும் பட்டறையில் ஒட்டுமா என்று சந்தேகம். பிந்தினால் சத்தம் வராது, வண்டி இழுக்காது, சைலன்சர் சூடேறி நீலம் பாயும், அதை யாரும் பிந்தல் என்று சொல்லி நான் கேட்டதில்லை, “டைமிங் டவுன்” என்பார்கள்.

---

நேற்று அதே மெக்கானிக்கிடம் போய், அட்வான்ஸ் ஆனதை முந்தல் என்று சொல்லலாமா என்று கேட்டேன். பாயிண்ட் மூடியைத் துடைத்துக்கொண்டே, “முந்தி நிக்குதுன்னுதானே நானும் சொல்றேன், வேற எப்படிச் சொல்றது?” என்றார். பிந்தலைக் கேட்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது.