பழைய தேக்கு மேஜைக்கு நிறம் மாத்தணும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில செகண்ட்ஹேண்ட்ல வாங்கின மேஜை. மேல கறுத்துப் பிசுபிசுன்னு இருக்கு, டம்ளர் வச்ச வட்டம் வேற. அடர் பழுப்பு வேணும். வீட்டுலயே செய்யலாமா?

பதில்: தாராளமா, தம்பி. அடிப்பக்கம் ஓரமா ஸ்பிரிட் தொட்டுத் தேய்ங்க. பழைய பாலிஷ் இளகி ஒட்டுச்சுன்னா அது அரக்கு பாலிஷ். அதை எடுக்க ஸ்பிரிட்டும் பழைய துணியும் போதும், அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். அசையலையா, பெயின்ட் ரிமூவர். அப்புறம் 120, 220 நம்பர் உப்புத்தாள், மரத்தோட ரேகை ஓடுற வாக்குலயே. குறுக்க தேச்சா அந்தக் கீறல்ல ஸ்டெயின் (மரத்துக்கு ஏத்துற நிறம்) இறங்கிக் கோடு கோடா காட்டிக்கொடுத்துரும்.

பதில்: முதல்ல விளிம்பைப் பாருங்க. வெனீரா (மேல ஒட்டின மெல்லிசு மரத்தகடு) இருந்தா 120 போட்டா கிழிஞ்சுரும். தேக்குன்னு சொல்லி விக்கிறதெல்லாம் தேக்கா என்ன!

பதில்: மழை நாள்ல பாலிஷ் போடாதீங்க, வெள்ளை பூத்துரும்.

கேட்டவர்: ஸ்பிரிட் வச்சதும் ஒட்டுச்சு அண்ணா. அரக்குதான்!