பின் சந்துக் கேமராவும் சிகாகோ ஆய்வும்

குழு: செம்பூர் சொசைட்டி – தமிழ்க் குடும்பங்கள் (மும்பையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அரட்டைக் குழு)

கணேசன் (பி விங்), இரவு 8.05
அனைவருக்கும் வணக்கம். பின் சந்துப் பக்கமுள்ள பார்க்கிங்கிலிருந்து மீண்டும் ஒரு பைக் திருடு போயிருப்பதால், அங்கே கேமரா பொருத்தவும், சந்தின் சுவருக்கு வெள்ளையடித்துக் குப்பையை அகற்றவும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒப்புதல் கேட்கவிருக்கிறேன். உடைந்த ஜன்னலை அப்படியே விட்டுவைத்தால் அதன் பின்னாலேயே குற்றமும் வந்து சேரும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் வில்சனும் கெல்லிங்கும் 1982இலேயே எழுதியிருக்கிறார்கள்.

செல்வி, இரவு 8.21
வெள்ளையடிப்பதில் எனக்கு மறுப்பில்லை, கணேசன் சார். ஆனால் அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் சிகாகோத் தெருக்களில் வண்டியை மெதுவாக ஓட்டி, இருபுறமும் வீடியோ எடுத்து, குப்பையையும் சுவர்க் கிறுக்கலையும் கணக்கெடுத்தார்கள். 1999இல் வெளிவந்த அந்த ஆய்வில், வறுமை போன்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது, தெருவின் அலங்கோலத்துக்கும் குற்றத்துக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் மங்கிப்போனது. வழிப்பறி மட்டும் விதிவிலக்கு.

லலிதா மாமி, இரவு 8.30
அப்படியானால் எதுதான் காரணம், செல்வி? நாங்கள் மாட்டுங்காவில் குடியிருந்த காலத்தில் எங்கள் வீட்டு ரசம் எதிர்வீட்டுக்குப் போகும், அவர்கள் வீட்டுக் கூட்டு எங்களுக்கு வரும். அந்த நெருக்கம் போனதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

செல்வி, இரவு 8.47
பலரும் அப்படித்தான் நினைத்தார்கள், மாமி. சாம்ப்சன் குழுவினரின் இன்னொரு ஆய்வுக்காக 1995இல் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் சில கேள்விகள் கேட்கப்பட்டன: பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளை உங்கள் அக்கம்பக்கத்தார் தட்டிக்கேட்பார்களா, வீட்டு வாசலில் சண்டை நடந்தால் குறுக்கிடுவார்களா, பக்கத்தில் உள்ள தீயணைப்பு நிலையத்தை மூடப்போவதாகச் சொன்னால் ஒன்றுசேர்வார்களா, இங்கிருப்பவர்களை நம்பலாமா. 'முன்வருவார்கள்' என்ற எதிர்பார்ப்பும் நம்பிக்கையும் மிகுந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. நட்பும் உறவும் எவ்வளவு என்பதைக் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த முடிவு மாறவில்லை. ரசம் பரிமாறிக்கொள்ளாத வீடுகளுக்கும் இது பொருந்தும் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி.

ராஜபாண்டி அண்ணாச்சி, இரவு 8.58
சிகாகோ வரைக்கும் போக வேண்டியதில்லை, தாயி. மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பிவண்டியைப் பார்த்தாலே போதும். 1984இல் கலவரத்தில் எரிந்த அந்த ஊரில், காவல் துறை அதிகாரியான சுரேஷ் கோப்டே, இரு மதத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்து மொஹல்லா கமிட்டிகளை, அதாவது பேட்டைக் குழுக்களை, அமைத்தார். 1992–93இல் பம்பாய் பற்றி எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. எல்லோரும் கூடிக் குலாவவில்லை. வதந்தி கிளம்பினால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கணேசன் (பி விங்), இரவு 9.10
எல்லாம் சரிதான், ஆனால் நீங்கள் இருவரும் கொலையையும் கலவரத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு இருப்பது பைக் திருட்டு. மேலும், வன்முறை மலிந்த இடத்தில் மக்கள் பயந்து ஒதுங்குவதால் அந்த நம்பிக்கை குறைந்தது என்று ஏன் சொல்லக்கூடாது?

செல்வி, இரவு 9.26
நியாயமான கேள்வி. முந்தைய ஆண்டுகளின் கொலை எண்ணிக்கையையும் சாம்ப்சன் குழுவினர் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள்; தொடர்பு நிலைத்தது, ஆனாலும் ஒரே ஒரு கணக்கெடுப்பு காரணகாரியத்தை முழுமையாக நிறுவிவிடாது. கேமரா விஷயத்தில் உங்கள் பக்கமே வலுவானது: பல ஆய்வுகளைத் தொகுத்த குற்றவியல் ஆய்வாளர்கள் வெல்ஷும் ஃபாரிங்டனும், கேமரா தெளிவாகப் பலன் தருவது வாகன நிறுத்துமிடங்களில்தான் என்று கண்டார்கள். ஆகவே பார்க்கிங்குக்கு என் வாக்கு உண்டு; மாடிப்படிகளுக்கும் லிஃப்டுக்கும் கிடையாது.

ஆனால் அந்தச் சிகாகோக் கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. வறுமை குவிந்த இடங்களிலும், குடியிருப்போர் அடிக்கடி மாறும் இடங்களிலும் இந்த நம்பிக்கை மெலிந்திருந்தது. நம் கட்டடத்தில் பதினொரு மாத லீவ் அண்ட் லைசன்ஸ் வாடகை ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவரைக்கூட நாம் எந்தக் குழுவிலும் சேர்த்ததில்லை. பேச்சிலர் பையன்கள் என்றால் வாட்ச்மேனே முறைக்கிறார். பின் சந்துப் பக்கம் திறக்கும் ஜன்னல்கள் எல்லாம் அவர்களுடையவை.

லலிதா மாமி, இரவு 9.33
உண்மை. சி விங் மூன்றாம் மாடிப் பையன்கள் இரவு வேலை முடிந்து விடியற்காலையில்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் சந்தில் நடப்பதை அவர்களைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை, நாம்தான் அவர்களைச் சந்தேகமாகப் பார்க்கிறோம்.

கணேசன் (பி விங்), இரவு 9.41
பொதுக்குழுவில் வாடகைதாரர்களைச் சேர்க்க உரிமையாளர்கள் சிலர் சம்மதிக்கமாட்டார்கள். பாதுகாப்புக்கென்று தனிக் குழு தொடங்கினால் யாரும் தடுக்க முடியாது.

ராஜபாண்டி அண்ணாச்சி, இரவு 9.44
அப்படியே செய்யுங்கள். அதில் வாட்ச்மேன்களையும், சந்து முனையில் இஸ்திரி போடுகிறவரையும் சேர்க்க வேண்டும். பையன்களிடம் நான் பேசுகிறேன். எனக்கு இந்தி வரும்.

கணேசன் (பி விங்), இரவு 9.50
கூட்டத்துக்கான அறிவிப்பில் பார்க்கிங் கேமரா, தனிக் குழு என்று இரண்டையும் சேர்த்துவிட்டேன். கேமரா பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கான விதியைச் செல்வி எழுதிக் கொடுத்தால் கூட்டத்தில் படிக்கிறேன்.

செல்வி, இரவு 9.52
நாளை மாலைக்குள் அனுப்புகிறேன், சார்.