லேட்டன்சி: உறங்குநிலை வேணாம், கரந்துறைநிலை

தம்பி,

நீங்க லேட்டன்சிக்கு, அதாவது வைரசு புது வைரசு செய்யாம கலத்துக்குள்ள தங்கியிருக்கிற நிலைக்கு, "உறங்குநிலை" எண்டு போட்டு அனுப்பின கலைச்சொல் பட்டியலைப் பாத்தன். அக்கிக்கு அது ஓரளவு பொருந்தும், சின்ன வயசில கொப்புளிப்பான் தந்த வைரசு நரம்புக் கலத்துக்குள்ள கிடந்து வயசு போன காலத்தில அக்கியா எழும்புது. ஆனா அதே ஹேர்பிஸ் குடும்பத்தில புற்றுநோயோட சேந்து வாற ரெண்டு வைரசுக்கு இந்தச் சொல் பிழையான விளக்கத்தைத் தருது.

எப்ஸ்டீன்-பார் வைரச எடுங்க. 1964இல பேர்கிற் லிம்போமா எண்ட நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டியில இருந்து வளத்த கலங்களில எப்ஸ்டீன், அச்சொங், பார் மூண்டு பேரும் கண்டது. பி கலம் எண்ட வெண்குருதிக் கலத்துக்குள்ள அது லேட்டன்ற்றா இருக்கேக்க புது வைரசு செய்யாது, உண்மைதான், ஆனா சில கட்டங்களில எல்எம்பி1 (லேட்டன்ற் மெம்பிரேன் புரோட்டீன் 1) எண்ட புரதத்தைச் செஞ்சு கலத்திர மென்சவ்வில இருத்திப்போடும். எங்கட கலத்தில சிடி40 எண்டு ஒரு வாங்கி இருக்கு, வெளியில இருந்து சைகை வந்தாத்தான் அது "பெருகு" எண்டு உள்ளுக்குச் சொல்லும், எல்எம்பி1க்கு அந்தச் சைகையே தேவையில்ல, எந்நேரமும் சொல்லிக்கொண்டே இருக்கும், அப்ப சாகவேண்டிய கலமும் சாகாம பிரிஞ்சுகொண்டு போகும். மறுகா ஈபிஎன்ஏ1 எண்ட இன்னொரு வைரசுப் புரதம், கலம் பிரியேக்க வைரசுட டிஎன்ஏய நிறமூர்த்தத்தோட கட்டி வச்சு ரெண்டு மகட்கலத்துக்கும் அனுப்புறது அதுதான். மற்ற வைரசு, 1994இல கண்டுபிடிச்ச கபோசி சார்கோமா எண்ட புற்றுநோயிர வைரசு, அதில லானா எண்ட புரதமும் இப்பிடித்தான் கட்டி வைக்கும், அதோட கலத்துக்குக் காவல் நிக்கிற பி53, ஆர்பி எண்ட ரெண்டு புரதத்தையும் பிடிச்சு முடக்கும். இவ்வளவும் நடக்கிறது நாங்க உறக்கம் எண்டு பேர் வைக்கப்போற அந்த நிலையிலதான்!

களுவாஞ்சிக்குடியில என்ட உயர்தர வகுப்புப் புள்ள ஒண்டு "நித்திரை கொள்ற வைரசு எப்பிடி டீச்சர் புற்றுநோய் ஆக்கும்?" எண்டு கேட்டுது. அந்தக் கேள்வியே சொல்லால வந்ததுதான்.

"பதுங்குநிலை" எண்டும் யோசிச்சன். வாவியில முதலை பதுங்கிறது இரை வரும் மட்டும் காத்திருக்க, இது காத்திருக்கல்ல, குடியிருக்கு. அதாலதான் கரந்துறைநிலை எண்டு கேக்கிறன். கரந்து எண்டா மறைஞ்சு, உறை எண்டா வாழ். ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு மறைஞ்சிருந்தா கரந்துறைப்பாட்டு எண்டு பழைய ஆக்கள் சொன்ன அதே சொல். எல்எம்பி1 அப்ப "கரந்துறை மென்சவ்வுப் புரதம் 1".

---

டீச்சர், நல்ல சொல், ஆனா கிளினிக்கில வாற அம்மா ஆக்களுக்கு விளங்குமா? வளந்த ஆக்களில 90 வீதத்துக்கு மேல எப்ஸ்டீன்-பாரைக் காவுறாங்க, கனபேருக்கு புற்றுநோய் வாறதே இல்ல, "கரந்துறையுது" எண்டா பயந்து போவாங்க.

---

தம்பி, கிளினிக்கில "ஒளிச்சுக் குடியிருக்கு" எண்டு சொல்லுங்க, கனபேருக்கு ஒண்டும் செய்யாது எண்டதையும் சேத்தே சொல்லுங்க. புத்தகத்துக்கு கரந்துறைநிலை. ஹேர்பிஸ் வைரசுக்குக் குடுக்கிற அசைக்ளோவிர் மருந்து ஏன் இந்த நிலையில வேலை செய்யாது எண்டதையும் இந்தச் சொல்லோட லேசா விளக்கலாம், அந்த மருந்து மறிக்கிறது வைரசு தன்ர டிஎன்ஏய தானே பெருக்கிற நேரத்தில. இனி லிற்றிக் நிலைக்கு, அதாவது வைரசு பெருகிக் கலத்தை உடைச்சு வெளிய வாற நிலைக்கு, ஒரு சொல் வேணும், "கலமுடைப்பு நிலை" எண்டு நான் வச்சிருக்கிறன், பாத்துச் சொல்லுங்க.